கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருமா உங்கள் நாய்?

ஜொகூர் பாருவின் தாமான்களில் பொழுது விடியும் முன்பே கேட் திறக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருட்டிலேயே மோட்டார் சைக்கிளை வெளியே எடுப்பார்கள். தானியங்கிக் கேட் திறந்து மூட எப்படியும் பத்துப் பதினைந்து வினாடி ஆகும். தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ எடுத்து வந்து வளர்க்கும் நாய்க்கு அந்தப் பத்து வினாடியே தாராளம்.

நாய் வெளியே பாய்ந்ததும் வீடே கத்தும். அம்மா "வாடா" என்பார், பிள்ளைகள் "கம், கம்" என்பார்கள், அப்பா "மாரி" என்று மலாயிலும் கூப்பிட்டுப் பார்ப்பார். நாய் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். ஆனால் வராது.

அது வராமல் போனால் லோரியில் அடிபடலாம், ஊராட்சி மன்றத்தின் நாய் பிடிப்பவர்களிடம் சிக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. நம் அண்டை வீட்டாரில் பலர் முஸ்லிம்கள். இந்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழிமுறைப்படி, நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். தொழுகைக்குக் கிளம்பியவரிடம் நம் நாய் வாலாட்டிக்கொண்டே போய் நக்கினாலும் அவருக்குச் சங்கடம்தான். வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் பரவிய பிறகு, அவிழ்ந்து ஓடும் நாயைக் கண்டாலே மக்கள் அஞ்சுகிறார்கள். ஆகவே கூப்பிட்டதும் நாய் வருவது வெறும் வித்தை அல்ல. அந்த நாயின் உயிரும் நம் அக்கம்பக்க உறவும் அதில் அடங்கியிருக்கின்றன.

தெருவில் அது கற்ற பாடம்

'நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். தெருநாய்க்கு அதுதான் வாழ்க்கைப் பாடம். மனிதன் குனிந்தால் கல் எடுக்கிறான் என்று பொருள். கையில் கழியோடு ஒருவர் அன்பாகக் கூப்பிட்டால் கழுத்தில் சுருக்கு விழப்போகிறது என்று பொருள். இப்படி வளர்ந்த நாயை "வா" என்று அழைத்துக்கொண்டே கையை நீட்டி நெருங்கினால் அது பின்வாங்கத்தான் செய்யும். அதைத் திமிர் என்று எண்ணிவிடக் கூடாது. அது பிழைத்திருப்பதே அந்தப் புத்தியால்தான்.

எனவே நாய் வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வாரம் பயிற்சி எதுவும் வேண்டாம். வேளைக்குச் சோறு, ஒதுங்கிப் படுக்க ஓரிடம், சத்தமில்லாத வீடு, இவை போதும். உங்கள் கையிலிருந்து உணவை அச்சமின்றி வாங்கித் தின்னத் தொடங்கும் நாள்தான் பாடம் தொடங்கும் நாள்.

ஒரே சொல், ஒரே பொருள்

முதலில் வீட்டார் கூடி ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். "வா" என்பதை நாள் முழுக்க எல்லாரிடமும் சொல்கிறோம், அது தேய்ந்த சொல். "ஓடியா" என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு விசிலும் நல்லதுதான், பாட்டி ஊதினாலும் பேரன் ஊதினாலும் ஒரே ஓசை.

அடுத்து அந்தச் சொல்லுக்குப் பொருள் ஊட்ட வேண்டும். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஓசையை மீண்டும் மீண்டும் கேட்ட நாய்க்குப் பிறகு அந்த ஓசையைக் கேட்டாலே வாயூறுவதைக் கண்டறிந்தார். நாம் செய்யப்போவதும் அதுதான். வீட்டுக்குள் நாய் பக்கத்தில் நிற்கும்போது "ஓடியா" என்று சொல்லி, உடனே வாயில் ஒரு துண்டு கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்துத் துண்டு, நாளுக்கு மூன்று தடவை, ஒரு வாரம். துண்டு சுண்டுவிரல் நகம் அளவு இருந்தால் போதும். உப்பு போடாமல் வேகவைத்த கோழி ஈரலுக்கு மயங்காத நாய் அரிது. நெத்திலி என்றால் ஊறவைத்து, உப்பு போகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த கறித்துண்டு வேண்டாம், அவை நாய்க்கு நஞ்சு.

பிறகு இரண்டு பேர் ஹாலிலும் சமையற்கட்டிலுமாக நின்று மாறி மாறிக் கூப்பிடுங்கள். அதன் பின் கேட்டைப் பூட்டிவிட்டு வாசலில் பழக்குங்கள். ஒவ்வொரு முறையும் உணவு கொடுக்கும் முன் கழுத்துப்பட்டையை மெல்லத் தொடுங்கள். பல நாய்கள் ஓடி வந்து, கைக்கு எட்டாத தூரத்தில் நின்று நழுவிவிடும். பட்டையைத் தொட்ட பிறகுதான் ஈரல் என்று பழகிய நாய் கைக்குள் வந்து நிற்கும்.

நீளக் கயிறும் நீண்ட பொறுமையும்

அடுத்த இடம் திடல். இங்கே பத்து மீட்டர் கயிறு தேவை. அதைக் கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள், ஓடிப்போய் இழுபடும்போது கழுத்து முறியாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். கயிறு நாயை இழுத்து வருவதற்கு அல்ல. வராமல் ஓடினால் நல்லது நடக்கும் என்று அது கற்றுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்கு. பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருப்பது உரிமையாளரின் கடமையும்கூட. ஆகவே பயிற்சி முடிந்த பிறகும் கயிற்றைக் கழற்றிவிடும் எண்ணம் வேண்டாம். கயிறு அறுந்த அன்றைக்கும் கேட் திறந்துகிடந்த அன்றைக்கும் கைகொடுக்கத்தான் இந்தப் பாடம்.

நம் ஊரில் நாயின் கவனத்தை இழுப்பவை ஏராளம். பூனை, சேவல், கால்வாய் ஓரத்து உடும்பு, குப்பைத் தொட்டியைக் கிளறும் குரங்குக் கூட்டம், செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் காட்டுப்பன்றி வாடை, பசார் மாலாமில் வறுபடும் சாத்தே. இவற்றை எளியதிலிருந்து கடினமானதுவரை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தி வைத்த காரில் தொடங்கிக் குரங்கில் முடியுங்கள்.

இதில் சூட்சுமம் தூரம்தான். பத்து மீட்டரில் குரங்கைக் கண்ட நாயின் காதில் எந்தச் சொல்லும் ஏறாது. ஐம்பது மீட்டரில் அதே நாய் திரும்பிப் பார்க்கும். அங்கே கூப்பிடுங்கள். பத்துக்கு எட்டு முறை வந்தால் அடுத்த நாள் ஐந்து மீட்டர் நெருங்குங்கள். வரவில்லை என்றால் திரும்பத் திரும்பக் கத்தாதீர்கள், பின்னால் போய் எளிய தூரத்தில் தொடங்குங்கள். பதில் கிடைக்காத ஒவ்வொரு கூப்பாடும் அந்தச் சொல்லின் மதிப்பைக் குறைக்கும். பூனையைவிட்டு வந்த நாய்க்குக் காய்ந்த பிஸ்கட் கொடுப்பதும் கஞ்சத்தனம். பெரிய ஆசையை விட்டு வந்தால் பெரிய கூலி.

கூலி எப்போதும் உணவாக இருக்க வேண்டியதில்லை. "சாப்பிட்டுவிட்டு விளையாடப் போ" என்று நம் அம்மாமார் சொல்லும் உத்தியை அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரிமேக் 1959-இல் ஆய்வுக் கோட்பாடாகவே எழுதினார். விருப்பமான செயலே அடுத்த செயலுக்குப் பரிசாகும். நாய் புல்லை மோந்துகொண்டிருக்கும்போது கூப்பிடுங்கள். வந்ததும் ஈரல் கொடுத்து, "போ" என்று மறுபடி மோக்க விடுங்கள். பத்தில் ஒன்பது முறை இப்படித் திருப்பி அனுப்புங்கள். கூப்பிடுவதே வீட்டுக்கு இழுத்துப்போகத்தான் என்று தெரிந்தால் எந்த நாயும் வராது. அதே காரணத்தால் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள், நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

நாள் கணக்கு வைக்க வேண்டாம். சில நாய்கள் மூன்று மாதத்தில் தேறும், சிலவற்றுக்கு ஓராண்டு ஆகும். ஆனால் எவ்வளவு தேறிய நாயானாலும் பட்டாசுச் சத்தத்தில் பாடம் மறந்துவிடும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாய் உள்ளறையில் இருக்கட்டும். உரிம வில்லையும் உங்கள் கைப்பேசி எண்ணும் கழுத்துப்பட்டையில் எப்போதும் தொங்கட்டும்.

ஓடிவிட்டால்?

துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டாகும், இல்லையென்றால் பழைய தெருப் பயம் திரும்பும். எதிர்த் திசையில் ஓடுங்கள், நாய் பின்தொடர வாய்ப்புண்டு. அல்லது பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லை ஒரே ஒருமுறை, தினமும் சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள்.

அரை மணி நேரம் தெருவெல்லாம் அலையவிட்டு, சேறும் சகதியுமாக வந்து நிற்கும் நாயை அடிக்கக் கை துடிக்கும். அன்றைக்கும் ஈரல்தான் கொடுக்க வேண்டும். வந்ததற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை கேட் திறக்கும்போது வரவே யோசிக்கும்.