விண்டோஸ் மாறிய பிறகு திறக்காத நாஸ் பெட்டி

நாஸ் என்பது ரவுட்டரோடு இணைக்கப்பட்டு, அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி. கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றிய மறுநாள் அந்தப் பெட்டி திறக்காமல் போவது பெங்களூரில் இப்போது அடிக்கடி கேட்கும் புகார். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் ஆடிட்டர் அலுவலகங்களும் போட்டோ ஸ்டுடியோக்களும் கிளினிக்குகளும் அவசர அவசரமாகப் புதிய விண்டோஸுக்கு மாறின. பெட்டிக்குள் இருக்கும் தகவல் பெரும்பாலும் அப்படியே பத்திரமாக இருக்கிறது. அதை அழிப்பது அடுத்த ஒரு மணி நேரத்தில் நடக்கும் அவசரச் சிகிச்சைதான்.

காரணம் சிறியது. கம்ப்யூட்டரும் நாஸும் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த முதல் பதிப்பைப் புதிய கம்ப்யூட்டர்களில் சேர்ப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பு இன்னும் இரண்டு கதவுகளைச் சாத்தியது. ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் நுழைவு நின்றது. ஒவ்வொரு தகவல் பரிமாற்றத்துக்கும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமானது. பாஸ்வேர்ட் இல்லாத நுழைவுக்குக் கையொப்பமிட வழியே இல்லை. ஆகவே "எல்லாருக்கும் திறந்து வை" என்று பல ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்ட பெட்டிகள்தான் முதலில் நின்றுபோகின்றன.

திரையில் வரும் செய்தியை முழுதாகப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது என்று வந்தால் குறை பாஸ்வேர்ட் இல்லாததில். கையொப்பம் செல்லாது என்று வந்தால் குறை நாஸை இயக்கும் பழைய உள்மென்பொருளான ஃபர்ம்வேரிலோ அமைப்பிலோ. 80070035 என்று முடியும் எண் வந்தால் அந்தப் பெயரில் பெட்டியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். இந்தச் செய்தியை மொபைலில் படம் எடுத்து வைப்பது அவசியம். பின்னால் கடைக்காரரிடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ பேசும்போது அதுவே முதல் ஆவணம்.

அடுத்த சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். ரவுட்டரின் பட்டியலில் நாஸின் ஐபி எண் இருக்கும். பிரவுசரில் அந்த எண்ணை இட்டால் நாஸின் நிர்வாகப் பக்கம் திறக்க வேண்டும். திறந்து, உள்ளே ஃபோல்டர்களும் தெரிந்தால் டிஸ்க் நலமாக இருக்கிறது. அன்றைக்கு அவசரமாக வேண்டிய ஃபைலை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டிய அலுவலகம் இந்த ஒரு வழியைத் தெரிந்து வைத்திருந்தால் பதற்றத்தில் தவறு செய்யாது.

நிரந்தரத் தீர்வு நாஸ் பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும். நாஸ் சினாலஜி நிறுவனத்துடையதோ க்யூநேப் நிறுவனத்துடையதோ, அதன் கண்ட்ரோல் பேனலில் ஃபைல் சர்வீஸ் பகுதியின் எஸ்எம்பி அமைப்பில் குறைந்தபட்சம் எஸ்எம்பி 2, அதிகபட்சம் எஸ்எம்பி 3 என்று வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அவரவருக்கு வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி தந்து, விருந்தினர் கணக்கை மூட வேண்டும்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் கண்ட்ரோல் பேனலின் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, நாஸ் பெயரிலோ எண்ணிலோ இருக்கும் பழைய பதிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பலர் இந்த இடத்தைத் தாண்டிப்போய்விட்டு, பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்கிறார்கள். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிக் கட்டத்தில் \\192.168.1.50 என்பதுபோல், அந்தப் பெட்டியின் எண்ணையே இட வேண்டும். கேட்கும்போது நாஸில் உருவாக்கிய பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் தர வேண்டும். விண்டோஸைத் திறக்கும் பின் எண் இங்கே செல்லாது. ரவுட்டரில் நாஸுக்கு நிலையான ஐபி எண்ணை ஒதுக்கிவிட்டால் எண் மாறிப் பெட்டி காணாமல் போகும் தொல்லை வராது.

எஸ்எம்பி முதல் பதிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாத மிகப் பழைய பெட்டிகளுக்குப் புது ஃபர்ம்வேர் வராது. மேம்படுத்தி 10 நாள் ஆகவில்லை என்றால் செட்டிங்ஸில் ரிகவரி பகுதி வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். நாள் கடந்துவிட்டால், இணையத் தொடர்பு இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துத் தகவலை எல்லாம் நகலெடுத்துவிட்டுப் பெட்டிக்கு ஓய்வு தர வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் புதுப் பெட்டி வாங்க ஆகும் செலவு, ஆறு ஆண்டுக் கணக்கை இழப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பெட்டி திறக்கவில்லை என்பதை எந்த அதிகாரியும் காரணமாக ஏற்கப்போவதில்லை.

நாஸிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிளில் விண்டோஸ் கம்ப்யூட்டரோடு இணைப்பது உள்ளூர் டெக்னீஷியன்கள் பலரின் முதல் யோசனை. நாஸ் டிஸ்க்குகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதப்பட்டவை. விண்டோஸுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. உடனே ஒரு சிறு கட்டம் எழும்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? பழக்கத்தில் விரல் சம்மதப் பட்டனுக்குப் போகிறது. பத்து ஆண்டுத் திருமண ஆல்பங்கள் அந்த ஒரு சொடுக்கில் போய்விடும். எந்தச் சூழ்நிலையிலும் ஃபார்மட் செய்யக் கூடாது. நாஸின் பின்புறம் இருக்கும் ரீசெட் துளையிலும் ஊசியை வைக்கக் கூடாது. தவறி ஃபார்மட் ஆகிவிட்டால் அந்தக் கணமே மின்சாரத்தைத் துண்டித்து, டிஸ்க்குகள் எந்த வரிசையில் இருந்தன என்று எண்ணிட்டு, மீட்பு நிபுணரிடம் தர வேண்டும். அதே டிஸ்க்கில் மீட்பு மென்பொருளை ஏற்றுவது இருப்பதையும் அழிக்கும்.

யூடியூப் பார்த்து எஸ்எம்பி முதல் பதிப்பை மறுபடி இயக்குவதும், கையொப்பக் கட்டாயத்தை அணைப்பதும், விருந்தினர் நுழைவைத் திறப்பதும் ஐந்து நிமிடத்தில் பலன் தரும். இருபது கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம் முழுவதற்கும் அந்தப் பலன் ஆபத்தாகும். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் வைத்து நாஸை நேரடியாக இணையத்தில் திறப்பது அதைவிட மோசம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் இப்படித் திறந்து கிடந்த க்யூநேப் பெட்டிகளைப் பூட்டி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. ஆதரவு ஏற்கெனவே முடிந்துபோன வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டிகள் 2021 ஜூனில் இணையம் வழியாகவே துடைத்தெடுக்கப்பட்டன.

பெட்டியைச் சர்வீஸுக்குத் தரும்போது ஜாப் ஷீட்டில் கையொப்பமிடுவதற்கு முன் ஒரு வரி எழுத வேண்டும்: "டிஸ்க்கில் உள்ள தகவலை அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ அனுமதி இல்லை, முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்." கூடவே மாடல், சீரியல் எண், டிஸ்க்குகளின் எண்ணிக்கை, தேதி. கடை எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போக வேண்டும். இந்த வரி இல்லாத புகார்தான் பின்னால் சொல்லுக்குச் சொல் சண்டையாகி நீர்த்துப்போகிறது.

சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணை நிற்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட ஆணையத்தில் புகார். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். கடை வேறு ஊரில் இருப்பது தடையாகாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பெரிய நிறுவனம் வணிகத்துக்காக வாங்கியிருந்தால் நுகர்வோர் என்ற தகுதி கிடைக்காது; சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்குக் கிடைக்கும். அதை நிறுவப் பில்லோடு தொழில் சான்றும் இணைக்க வேண்டும்.

பெட்டி திறந்தும் ஃபைல்களின் பெயர்கள் மாறி, பணம் கேட்கும் குறிப்பு கிடந்தால் அது விண்டோஸ் பிரச்சினை அல்ல. நெட்வொர்க் கேபிளை உடனே உருவ வேண்டும். தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதிந்து, பகுதிக்குரிய சிஇஎன் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றப் பிரிவு) காவல் நிலையத்துக்கு நகலோடு போக வேண்டும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும்; அதன் இலவச எண் 1800-11-4949. பணம் கேட்ட குறிப்பை எரிச்சலில் அழித்துவிடக் கூடாது. அது சாட்சியம்; எந்தக் கும்பலின் வேலை என்பதையும் மீட்கும் வழி உண்டா என்பதையும் நிபுணர்கள் அதை வைத்தே கண்டறிகிறார்கள்.