தெரிந்து கொள்வோம்: இந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எங்கிருந்து வந்தன?



வங்கிக்குப் போனாலும் பயிற்சிக்குப் போனாலும் சில இங்கிலீஷ் வார்த்தைகள் நம் காதில் விழுகின்றன. அர்த்தம் கேட்கக் கூச்சப்பட்டு, தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அப்படி மூன்று வார்த்தைகளை இந்த இதழில் பார்ப்போம்.

1. ரெட் டேப்

"உங்க மனு ரெட் டேப்ல மாட்டிக்கிச்சு" என்பார்கள். நேர் அர்த்தம் சிவப்பு நாடா. இங்கிலாந்தில் பல நூறு ஆண்டுகளாக அரசு, கோர்ட் காகிதங்களை இந்த நாடாவால் கட்டி வைத்தார்கள். கட்டை அவிழ்த்து, படித்து, மறுபடி கட்டி அடுத்த மேசைக்கு அனுப்புவதற்குள் நாள் ஓடிவிடும். 1800-களில் நாடாவே தாமதத்துக்குப் பெயராகிவிட்டது. மனு கொடுத்தால் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால்தான் "எந்த மேசையில் நிற்குது?" என்று தைரியமாகக் கேட்கலாம்.

2. டெட்லைன்

நாம் சொல்லும் 'கெடு'தான். நேர் அர்த்தம் சாவுக் கோடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-ல் ஆண்டர்சன்வில் கைதி முகாமில் மதிலுக்கு உள்ளே சற்றுத் தள்ளி ஒரு தாழ்வான மரவேலி இருந்தது. தாண்டிய கைதியைக் காவலர் சுட்டுவிடுவார். அதன் பெயர் டெட்லைன். பிறகு பத்திரிகைக்காரர்கள் செய்தி தரவேண்டிய கடைசி நேரத்தை அப்படிச் சொன்னார்கள். தவணை தவறினால் அபராதம் வரும், குழுவின் பெயரும் பாதிக்கும். ஆனால் உயிர் போகும் விஷயம் இல்லை. பயந்துபோய்க் கந்துவட்டிக்கு ஓடாதீர்கள். தேதிக்கு முன்பே குழுவில் சொல்லுங்கள்.

3. ரூல் ஆஃப் தம்ப்

தம்ப் என்றால் கட்டைவிரல். அளவுகோல் இல்லாமல் அனுபவத்தில் செய்வது, நம் கைப்பக்குவம் மாதிரி. 1600-களிலேயே பிரிட்டனில் இந்த அர்த்தத்தில் வழங்கியது.

"கட்டைவிரல் தடிமனுக்கு மேற்படாத கம்பால் மனைவியை அடிக்கலாம் என்ற இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது" என்று ஒரு கதை உண்டு. அப்படி ஒரு சட்டமே இருந்ததில்லை. 1782-ல் புல்லர் என்ற நீதிபதி அப்படிச் சொன்னதாகப் பேச்சு கிளம்பியது. அவரைக் கேலி செய்து அப்போதே கார்ட்டூன் போட்டார்கள். அவர் சொன்னதற்குப் பதிவு எதுவும் இல்லை.

கம்பு மெலிசோ தடியோ, அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. நம் நாட்டில் பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது. அடி மட்டுமல்ல, கேவலமாகப் பேசுவதும், செலவுக்குக் காசு தராமல் வாட்டுவதும் அதில் குடும்ப வன்முறையாகச் சொல்லப்பட்டுள்ளன. உதவிக்கு 181 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

இனி புரியாத வார்த்தை வந்தால் "தமிழ்ல சொல்லுங்க சார்" என்று கேட்போம். புரிந்த பிறகே கையெழுத்துப் போடுவோம். உங்கள் குழுவில் அர்த்தம் தெரியாமல் நிற்கும் வார்த்தைகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.