கட்டை முழங்கால் உயரம்தானே?

பாலக்காடு பக்கம் தத்தமங்கலத்தில் அங்காடி வேலைத் திருவிழா நெருங்கினால் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை பக்கமெல்லாம் குதிரைப் பேச்சுதான். 2021 ஏப்ரலில் கொரோனா கட்டுப்பாட்டை மீறி அங்கே குதிரை ஓட்டம் நடந்து, போலீஸ் வழக்கு வரை போனது. கொரோனாவே நிறுத்தாததை என் கட்டுரை நிறுத்தப் போவதில்லை. நான் சொல்ல வந்தது தென்னந்தோப்புகளில் நடக்கும் பயிற்சியைப் பற்றி. செங்கல் அடுக்கி, அதன்மேல் மூங்கில் கழி போட்டு, குதிரையைத் தாண்டப் பழக்குகிறார்கள். விழுந்தவர்கள் மருத்துவரான என்னிடம் வருவதோ மூன்றாம் நாள், நான்காம் நாள்.

விழுவது கட்டையிலிருந்து அல்ல

தாண்டும் கட்டை முழங்கால் உயரம்தான். சவாரி செய்பவரின் தலையோ தரையிலிருந்து ஏழெட்டு அடியில் இருக்கிறது. குதிரை தாண்டும்போதுதான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கடைசி நொடியில் அது மிரண்டு நின்றுவிடும். மேலே இருப்பவர் அதன் கழுத்தைத் தாண்டித் தலைகுப்புறப் போவார். ‘சூப்பர்மேன்’ நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் விழுந்தது இப்படித்தான். ஏறத்தாழ ஒரு மீட்டர் தடுப்பு. தலையில் ஹெல்மெட்டும் இருந்தது. கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து, 2004இல் இறந்தார். ஹெல்மெட் மண்டையைக் காக்கும். கழுத்தைக் காப்பது முறையான பயிற்சி.

எண்ணெய், கட்டு, சோடா

‘விரலை அசைக்கிறானே, எலும்பு முறிந்திருக்காது.’ தவறு. முறிந்த கையிலும் விரல் அசையும்.

‘முறிவெண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்.’ முறிவெண்ணெய்க்கு நான் விரோதி இல்லை. ஆனால் முறிந்த எலும்பை உருவினால் அதன் முனை நரம்பையும் ரத்தக்குழாயையும் கிழிக்கும்.

‘இறுக்கிக் கட்டினால்தான் கூடும்.’ எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். அடிபட்ட கை உள்ளே வீங்கிக்கொண்டே போகும். வெளியே பத்தை வைத்த கட்டு விட்டுக்கொடுக்காது. ரத்தம் நின்றால் ஆறு மணி நேரத்துக்குள் தசை சாக ஆரம்பித்துவிடும். கட்டைப் பிரித்தபோது கத்தரிக்காய் நிறத்தில் சில்லென்று இருந்த சிறுவர் விரல்களைப் பார்த்திருக்கிறேன். அவை பிறகு மடங்கியபடியே நின்றுவிடும். விரல் மரத்தாலோ, நீட்டும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலோ கட்டை அந்த இடத்திலேயே வெட்டுங்கள். கட்டியவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

‘சோடா குடித்தான், எழுந்து நடந்தான், அசதியில் தூங்குகிறான்.’ மண்டைக்குள் ரத்தம் கசியும்போது சிலர் சில மணி நேரம் நன்றாகவே பேசுவார்கள். பிறகு வாந்தி, உளறல், எழுப்பினாலும் எழாத தூக்கம். சாப்பிட்டது சேரவில்லை என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மெடிக்கலில் கலர் கலராக வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் வேண்டாம். ஆஸ்பிரின் கசிவைக் கூட்டும். மற்றவை குதிரை வயிற்றில் உதைத்து மண்ணீரல் கிழிந்த வலியைக்கூட மறைத்துவிடும்.

‘துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் செப்டிக்.’ ரணஜன்னிக் கிருமி குதிரைச் சாணத்திலும் அது விழுந்த மண்ணிலும் தாராளமாக உண்டு. அந்த மண் பட்ட சிராய்ப்பில்தான் காப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்புகிறார்கள்! சோப்பும் தண்ணீரும் போதும். அன்றைக்கே ஊசி போடுங்கள்.

பரிசோதனை

கை, கால் என்றால் எக்ஸ்ரே. தலை, கழுத்து என்றால் சி.டி. ஸ்கேன்.

கேட்டுக்கொள்கிறேன்

கழுத்து வலிக்கிறது என்றால் தூக்காதீர்கள், பைக்கில் நடுவே உட்கார வைக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸ் பாலக்காட்டிலும் உண்டு, பொள்ளாச்சியிலும் உண்டு. மூணாறு, வாகமண் மலையில் குதிரை ஏறி விழுந்தால் வண்டி வரத் தாமதமாகலாம். அதுவரை தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

குதிரைக்காரர்களே, கழியை முதலில் தரையில் கிடத்துங்கள். குதிரை நடந்து தாண்டட்டும், பிறகு துள்ளுநடை. அதற்குக் கழிகளுக்கிடையே நாலு, நாலரை அடி விடுங்கள். உயர்த்தும்போது கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டாம். கால் பட்டால் கழி உருண்டு விழ வேண்டும். விழாவிட்டால் குதிரை இடறிப் பையன்மேல் சாயும், அதன் எடை நானூறு கிலோ. ரப்பர் செருப்போடு ஏற விடாதீர்கள். கால் அங்கவடிக்குள் நுழைந்து சிக்கினால் குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். குதிகால் உள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். கடிவாள வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை நீங்களே மாட்டிவிடுங்கள். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.