பெட்டி ஒன்று, பார்ட்ஸ் வேறு! 18 ஆயிரத்தைக் கொட்டிவிட்டுத் தவித்த வாலிபர்

சென்னை,-

கையில் ஒரு கட்டைப்பை. பைக்குள் ஒரு கம்ப்யூட்டர். சட்டை எல்லாம் வியர்வை.

ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார், அந்த வாலிபர்.

"கவர் பிரிச்சாச்சு. ரிட்டர்ன் கிடையாது" என்று சாமான் வாங்கிய கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

"பாதி விலைக்குன்னா எடுத்துக்கிறேன்" என்றார், பக்கத்துக் கடைக்காரர்.

வாலிபருக்கு அழுகை வராத குறை.

அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது, ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்று வட்டாரம் முழுவதும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்தான். டெல்லி நேரு பிளேசுக்கு அடுத்த பெரிய மார்க்கெட் என்று இதைச் சொல்வார்கள். இங்கே கிடைக்காத பார்ட்ஸ் கிடையாது.

கிடைப்பது எல்லாம் நம் கம்ப்யூட்டருக்குச் சேருமா? அங்கேதான் சிக்கல்!

அம்மா எடுத்த சீட்டு

வாலிபருக்கு வயது 22. பெரம்பூரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆபீசில் கழித்துக்கட்டியதை செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

பிராசசர் இன்டெல் ஐ5, 4-ம் தலைமுறை. 2013-ல் வந்த ரகம். படுக்கவைத்தால் சாமி படம் மாதிரி இருக்கும், ஒல்லிப் பெட்டி.

அதில் புது கேம் ஆட வேண்டும் என்று ஆசை. தம்பியும் நச்சரித்தான். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 18 ஆயிரம் கொடுத்தார்.

"இதோட விட்டுடு. மறுபடி கேட்டா கிடையாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வாலிபர் நேரே ரிச்சி தெருவுக்கு வந்தார். ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்று. பழையதுதான், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. கூடவே டி.டி.ஆர்.4 ராம் இரண்டு. விலை படிந்தது. வாங்கிக்கொண்டு பறந்தார்.

மூடி மூடவில்லை!

வீட்டுக்குப் போய் பெட்டியைத் திறந்தார்.

ராம் ஏறவில்லை. அழுத்திப் பார்த்தார். அப்போதும் ஏறவில்லை. பழைய போர்டில் இருந்தது டி.டி.ஆர்.3. இவர் கையில் இருந்தது டி.டி.ஆர்.4. நடுவே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தியிருந்தால் ஸ்லாட்டே உடைந்திருக்கும்.

அடுத்து கார்டை எடுத்தார். அது பெட்டியை விட உயரம். மூடி மூடவில்லை.

சரி, திறந்தே கிடக்கட்டும் என்றால், கார்டில் 8 பின் கரண்ட் சாக்கெட் இருந்தது. பெட்டியில் அதற்கு வயரே இல்லை.

வெலவெலத்துப்போனார்.

"10 ரூபா சாமான்தான்"

மறுநாள் கடைக்கு ஓடினார். அங்கே ஒருவர் சுலபமாக வழி சொன்னார்.

"ஒரு கன்வெர்ட்டர் வயர் தர்றேன். ஹார்ட் டிஸ்க் வயர்ல சொருகு. மறுமுனை 8 பின். மூடியைக் கழட்டிப் போட்டுடு. ஓடும்!"

வாலிபருக்கு உயிர் வந்தது. வயரை வாங்கிக்கொண்டார். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக் இதைக் கவனித்துவிட்டார். மாடியில் சின்ன அறையில் வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டர் ரிப்பேரில் தலை நரைத்தவர்.

"தம்பி, அந்த வயரைப் போடாதே. மேலே வா" என்றார்.

வாலிபர் பின்னாலேயே போனார்.

கரண்ட் கணக்கு

மெக்கானிக் முதலில் கணக்கைச் சொன்னார்.

"உன் கார்டு 132 வாட் இழுக்கும். போர்டுல இருக்கிற ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். மீதி வயர் வழியா வரணும். முறையான 8 பின் வயர் 150 வாட் தாங்கும். நீ வாங்கின வயரை ஹார்ட் டிஸ்க்குக்குப் போற ஒல்லி வயர்ல மாட்டினா என்ன ஆகும்? சூடேறி உருகும். உன் பெட்டியில இருக்கிறது 240 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஆபீஸ் வேலைக்குன்னு செஞ்சது. ராத்திரி நீ கேம் ஆடுறப்போ புகை வந்தா, பக்கத்துல தூங்குறது யாரு? உன் தம்பிதானே?"

வாலிபர் வயரை மேஜை மேல் வைத்துவிட்டார்.

450 என்பது 168!

"அப்போ வேற எஸ்.எம்.பி.எஸ். போட்டா சரியாயிடுமாண்ணே? கீழே 450 வாட் ரொம்ப சீப்பா இருக்கே!"

மெக்கானிக் சிரித்தார். மூலையில் கிடந்த ஒரு மட்ட ரக எஸ்.எம்.பி.எஸ்.சை எடுத்துக் காட்டினார். பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருந்தது.

"பெரிய எழுத்தை விடு. பக்கத்துல இருக்கிற சின்ன எழுத்தைப் படி. 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்ப்?"

"14."

"12-ஐ 14-ஆல பெருக்கு."

"168."

"அவ்வளவுதான் சரக்கு! பிராசசரும் கார்டும் சாப்பிடுறது இந்த 12 வோல்ட்டைத்தான். நல்ல 450-ல இந்த இடத்துல 35 ஆம்ப்புக்கு மேலே இருக்கும். ஸ்டிக்கர்ல 80 பிளஸ்னு முத்திரை இருக்கான்னும் பாரு. அது கரண்டை வீணடிக்காததுக்கு அடையாளம். எல்லா பார்ட்சுலயும் மிச்சம் பிடி. இதுல மட்டும் பிடிக்காதே. இது போறப்போ தனியா போகாது. போர்டையும் கார்டையும் கூட்டிட்டுப் போகும்!"

இன்னொரு விஷயமும் சொன்னார். ஆபீஸ் ஒல்லிப் பெட்டிகளில் பல, சொந்த அளவில் எஸ்.எம்.பி.எஸ். வைத்திருக்கும். கடையில் விற்கும் சாதாரண அளவு அதில் உட்காராது. போர்டில் சொருகும் பின்னும் வேறாக இருக்கலாம்.

நம்பர் ஒன்றுதான், ஆனால் சேராது

"பிராசசரையும் போர்டையும் மட்டும் மாத்திடலாமா?" என்று கேட்டார், வாலிபர்.

அதிலும் பொறி இருக்கிறது.

பிராசசர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். சாக்கெட் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. நம்பர் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

உதாரணம், இன்டெல் 1151. இதே நம்பரில் 6, 7-ம் தலைமுறை பிராசசர்கள் வந்தன. 2017-ல் 8-ம் தலைமுறையும் இதே 1151-ல் வந்தது. பழைய போர்டில் வைத்தால் உட்காரும். ஆனால் ஓடாது! அதற்கு 300 வரிசை போர்டு வேண்டும்.

பின்னாளில் வந்த 1700 சாக்கெட்டில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகள் சேரும். ஆனால் அதில் டி.டி.ஆர்.4 போர்டும் உண்டு, டி.டி.ஆர்.5 போர்டும் உண்டு. கையில் இருக்கும் ராமைப் பார்த்துத்தான் போர்டு வாங்க வேண்டும்.

ஏ.எம்.டி.யில் ஏ.எம்.4 என்ற சாக்கெட் நீண்ட ஆயுள் கண்டது. 2017-ல் வந்த முதல் ரைசனில் இருந்து 5000 வரிசை வரை இதே சாக்கெட்தான். ராம் டி.டி.ஆர்.4. இதிலும் ஒரு கண்டிஷன் உண்டு. 2018-ல் வந்த பி450 போர்டு, 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐ தானாக அடையாளம் கண்டுகொள்ளாது. போர்டுக்குள் இருக்கும் பயாஸ் புரோகிராமைப் புதுப்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறி சுற்றும், திரை இருட்டாக இருக்கும்.

2022-ல் வந்த ஏ.எம்.5 தனி ரகம். அதற்கு டி.டி.ஆர்.5 ராம் மட்டுமே.

வால் எழுத்தைப் பாருங்கள்

பிராசசர் பெயருக்குக் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் காசு உண்டு.

இன்டெல் ஐ3 12100எப் என்று 'எப்' போட்டிருந்தால், அதற்குள் படம் காட்டும் சர்க்யூட் கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம் வரும். ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600-க்கும் அதே கதி. 5600ஜி என்று 'ஜி' இருந்தால் கார்டு இல்லாமலும் படம் வரும்.

"கார்டை அடுத்த மாசம் வாங்கிக்கலாம்னு 'எப்' வாங்கிட்டுப் போவாங்க. ராத்திரியே போன் வரும், அண்ணே படமே வரலேன்னு!" என்று தலையில் அடித்துக்கொண்டார், மெக்கானிக்.

கார்டிலும் ஏமாறக்கூடாது. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்று ஒரு கார்டு 2022-ல் வந்தது. போர்டோடு பேச இதற்கு 4 பாதைதான் உண்டு. புதிய பி.சி.ஐ.இ. 4 போர்டில் சமாளிக்கும். பழைய 3-ம் ரக போர்டில் போட்டால் வேகம் படுத்துவிடும். விலை குறைவாயிற்றே என்று பழைய கம்ப்யூட்டருக்கு இதை வாங்குவதில்தான் நஷ்டம்.

பணம் வீணா?

எல்லாவற்றையும் கேட்ட வாலிபர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ 18 ஆயிரமும் போச்சாண்ணே?"

மெக்கானிக் கார்டைத் தன் டேபிளில் இருந்த கம்ப்யூட்டரில் மாட்டினார். அரை மணி நேரம் ஓடவிட்டார். சூடு பார்த்தார். விசிறி சத்தம் கேட்டார். ராமையும் மாட்டிச் சோதித்தார்.

"கார்டு நல்ல கார்டு. ராமும் நல்ல ராம். நீ வாங்கின சாமான்ல தப்பு இல்லே. அது இந்தப் பெட்டிக்குச் சேராது. அவ்வளவுதான். பாதி விலைக்கு வித்துட்டு அழாதே" என்றார்.

"பழைய பெட்டியிலயே ஓடுற மாதிரி ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. ஜி.டி.எக்ஸ். 1650-ல குட்டை மாடல் வருது. 75 வாட்தான். தனி வயர் வேண்டாம். உயரம், நீளம், கனம் மூணையும் ஸ்கேல் வெச்சு அளந்து வாங்கினா உட்காரும். பழைய கேம் ஓடும். ஆனா உன் பிராசசர் விண்டோஸ் 11 லிஸ்ட்லயே இல்லே. விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ந் தேதியோட நிறுத்திட்டான். இந்தப் பெட்டியில இன்னும் பணம் போடுறது, இடியப்போற வீட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி!"

பேப்பரை எடுத்து எழுதிக் கொடுத்தார். பி550 போர்டு. ரைசன் 5 5600. உண்மையான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். சாதாரண கேபினட். பிராசசர் 70, 80 வாட். கார்டு 132. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300-ஐத் தாண்டாது. 550 தாராளம்.

ஏற்கனவே வாங்கிய ராமும் கார்டும் இதில் அப்படியே உட்காரும். ராம் இரண்டாக வாங்கியதும் நல்லதாகப் போயிற்று. ஒன்றை விட இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. ஏ.ஐ. கம்பெனிகள் மெமரியை வாரிக்கொண்டு போனதுதான் காரணம். "கையில இருக்கிற ராமை விட்டுடாதே" என்றார், மெக்கானிக்.

"ஒரே நாள்ல வாங்காதே. முதல்ல எஸ்.எம்.பி.எஸ்.சும் கேபினட்டும். அப்புறம் போர்டும் பிராசசரும், ரெண்டும் ஒரே கடையில. அங்கேயே மாட்டி, திரையில படம் வந்த பிறகு காசு கொடு. தீபாவளி போனசுக்குள்ள முடிச்சுடலாம்."

வாலிபர் பேப்பரை மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மாவிடம் மறுபடி கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

புறப்படும் முன் எழுதுங்கள்

ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் ஆறு விஷயம் எழுதிக்கொண்டால் போதும். சி.பி.யூ.-இசட் என்ற இலவச புரோகிராம் முதல் மூன்றையும் திரையிலேயே காட்டிவிடும்.

1. போர்டின் பெயர், சாக்கெட், பயாஸ் தேதி.

2. பிராசசர் பெயர், வால் எழுத்தோடு.

3. ராம் 3-ஆ, 4-ஆ, 5-ஆ. காலி ஸ்லாட் எத்தனை.

4. எஸ்.எம்.பி.எஸ்.சில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப். 6 பின், 8 பின் வயர் உண்டா.

5. கேபினட்டுக்குள் கார்டு வைக்கும் இடத்தின் நீளம், உயரம். ஸ்கேலால் அளந்தது.

6. கையில் உள்ள பணம்.

பணம் கடைசிதான். கடைக்குப் போனதும் பலர் முதலில் கேட்பது விலை. முதலில் கேட்க வேண்டியது "இது என் பெட்டிக்குச் சேருமா?" என்பதுதான்.

போர்டு கம்பெனியின் இணையதளத்தில், எந்தெந்த பிராசசர் சேரும் என்று பட்டியலே இருக்கிறது. பார்ப்பதற்குக் காசு கிடையாது. பழைய சாமான் என்றாலும் பில் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள் டெஸ்டிங் வாரண்டி என்பதை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கீழே இறங்கிய வாலிபர், அந்த கன்வெர்ட்டர் வயரைத் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. மெக்கானிக் மேஜையிலேயே விட்டுவிட்டார்.

மேஜை ஓரத்தில் உருகிப்போன ஏழெட்டு வயர்கள் ஆணியில் தொங்கிக்கொண்டு இருந்தன. அதையும் எடுத்து அங்கேயே மாட்டினார், மெக்கானிக்.

"உருகாம வந்தது இது ஒண்ணுதான்" என்றார்.