‘ரெவ்’: ஓர் ஆங்கிலக் குறுஞ்சொல்லின் பொருளும் பிறப்பும் தமிழாக்கமும்

முன்னுரை

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் நீண்ட அறிவியற் சொற்களிடத்தே மிகுந்த கருத்தைச் செலுத்துவர். அன்றாடம் வழங்கும் குறுஞ்சொற்கள் எளியன என்னும் எண்ணத்தால் ஆராயப்படாமலே விடப்படுகின்றன. எனினும் மொழிபெயர்ப்பில் பிழை நேர்வது இத்தகைய சொற்களிலேயே மிகுதி. எஞ்சினைப் பற்றிய ஆங்கிலப் பேச்சில் வழங்கும் ‘ரெவ்’ என்பது அத்தகைய ஒன்று. இதனைத் தமிழில் ‘வேகம்’ என்றும் ‘முடுக்கம்’ என்றும் பெயர்த்தால் இயக்கவியல் அடிப்படையே பிறழ்ந்துவிடும். இச்சொல்லின் பிறப்பையும் பொருள்வளர்ச்சியையும் விளக்கி, அதற்கேற்ற தமிழ்ச் சொல் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் வடிவம்

‘ரெவ்’ என்பது ‘ரெவலூஷன்’ என்னும் சொல்லின் முதற்பகுதி மட்டும் நின்று வழங்கும் சொற்குறுக்கம். கோயம்புத்தூர் ‘கோவை’ என்றும் தஞ்சாவூர் ‘தஞ்சை’ என்றும் மருவி வழங்குதலை இதனோடு ஒருபுடை ஒப்பிடலாம். மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது முதலில் பெயர்ச்சொல்லாகவும், பின்னர் வினைச்சொல்லாகவும் வழக்கூன்றியது. ‘அப்’ என்னும் துணைச்சொல்லுடன் கூடி ‘ரெவ் அப்’ எனத் தொடர்வினையாகவும் வரும்.

இதன் எழுத்துமுறை கருதத்தக்கது. ஆங்கிலத்தில் ‘வி’ என்னும் எழுத்து இரட்டித்து வருதல் அரிது. ஆயினும் இவ்வினையின் இறந்தகால வடிவத்தில் அது இரட்டிக்கிறது. ஒற்றையாக எழுதின் முன்னுள்ள குற்றுயிர் நெடிலாக ஒலிக்கப்பட ஏதுவாகும் என்பதே காரணம். இரட்டிப்பு அரிதான எழுத்தும் இங்கு இரட்டித்தல், இக்குறுக்கம் தனிச்சொல்லாகவே நிலைபெற்றதைக் காட்டுகிறது.

ஒத்த வடிவம், வேறு வேர்

இதே மூன்றெழுத்துகள் வேறு இரு சொற்களுக்கும் சுருக்கமாக வழங்குகின்றன. கிறித்தவக் குருமார் பெயருக்கு முன் இடப்படும் ‘ரெவரெண்ட்’ என்னும் அடைமொழி அவற்றுள் ஒன்று. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் முதலானோர் பெயர்முன் இதனைக் காணலாம். ‘அஞ்சி மதித்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து இது பிறந்தது. மற்றொன்று விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டைக் குறிக்கும் சுருக்கம். ‘திரை விலக்குதல்’ என்னும் பொருளுடைய வினை அதன் மூலம். இம்மூன்றும் ‘ரெ’ என்னும் இலத்தீன் முன்னொட்டால் மட்டுமே ஒன்றுபடுவன, பகுதியால் வேறுபடுவன.

வேரும் கிளையும்

‘ரெவலூஷன்’ என்பதன் மூலம் ‘ரெவால்வெரே’ என்னும் இலத்தீன் வினை. ‘ரெ’ என்பது ‘மீண்டும், பின்னோக்கி’ என்றும், ‘வால்வெரே’ என்பது ‘உருட்டு’ என்றும் பொருள்படும். எனவே ‘உருண்டு மீளுதல்’ என்பதே சொல்லின் அடிப்படைப் பொருள். இப்பகுதியிலிருந்து கிளைத்தவை பல. சுருட்டி வைக்கப்பட்ட ஏட்டைக் குறித்துப் பின் நூலின் தொகுதியைக் குறித்த ‘வால்யூம்’, சுருள் விரிதலைக் குறித்த ‘எவலூஷன்’, சுழலும் அறைகளையுடைய துப்பாக்கியாகிய ‘ரிவால்வர்’ ஆகியன அவற்றுட் சில. எஞ்சினின் உறுப்பாகிய ‘வால்வு’ என்பதும், மடக்குக் கதவின் பலகையைக் குறித்த இலத்தீன் சொல்வழி, இவ்வேரோடு உறவுடையதாகவே கருதப்படுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘வால்வெரே’ என்பதையும் தமிழின் ‘வளை’ என்பதையும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு ஓரினமாக்குதல் பொருந்தாது. ‘வளை’ என்பதற்கு மலையாளத்தில் ‘வள’, கன்னடத்தில் ‘பளெ’ எனத் திராவிட இனச்சொற்கள் உள. முறையான ஒலிமாற்ற விதிகளால் நிறுவப்படாத ஒப்புமை சொற்பிறப்புச் சான்றாகாது.

வானிலிருந்து அரசியலுக்கு

ஆங்கிலத்தில் ‘ரெவலூஷன்’ முதலில் வானியற் சொல்லாகவே வழங்கியது. கோள் ஒன்று தன் வழியில் சென்று புறப்பட்ட இடத்தை மீண்டும் அடைதலை அது குறித்தது. 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கசின் இலத்தீன் நூல் தலைப்பிலும் இச்சொல் இப்பொருளிலேயே இடம்பெறுகிறது. பின்னர் அரசியல் மாற்றத்திற்கும் சொல் ஆளப்பட்டது. 1688இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஆட்சிமாற்றத்தைக் குறித்தபோது, பழைய உரிமைகளுக்கு மீளுதல் என்னும் கருத்தும் அதில் கலந்திருந்தது. 1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், மீள முடியாத பெருமாற்றம் என்னும் பொருளே மேலோங்கியது. ‘மீளுதல்’ என்னும் முன்னொட்டின் பொருள் அரசியல் வழக்கில் இவ்வாறு மறைந்தது.

எஞ்சின் வழக்கிலோ அம்மூலப்பொருள் இன்றும் மாறாதிருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் தண்டு ஒருமுறை முழுதும் சுழன்று தொடங்கிய நிலைக்கே மீள்வது ஒரு ‘ரெவ்’. அரசியல் இழந்த பழம்பொருளைப் பட்டறைச்சொல் காத்து வைத்திருக்கிறது எனலாம்.

எஞ்சினில் ‘ரெவ்’

எஞ்சினின் சுழற்சி ஒரு நிமிடத்திற்கு இத்தனை என அளக்கப்படும். நான்குவீச்சு எஞ்சினில் ஒவ்வோர் உருளையிலும் இருமுறைச் சுழற்சிக்கு ஒருமுறை எரிபொருள் எரிந்து ஆற்றல் தரும். நிமிடத்திற்கு 3000 சுழற்சி எனின், நொடிக்கு 50 சுழற்சி. ஓர் உருளையில் நொடிக்கு 25 எரிதல். இச்சுழற்சியின் எண்ணிக்கையை உயர்த்துதலே ‘ரெவ்’ என்னும் வினையின் பொருள்.

இது வண்டியின் வேகத்தினின்று வேறானது. பற்சக்கர இணைப்பின்றி நிற்கும் வண்டியின் எஞ்சினை 3000 சுழற்சிவரை உயர்த்தலாம். அப்போதும் வண்டியின் வேகம் சுழியே. ஒரே வேகத்தில் செல்லும் வண்டி, தாழ்ந்த கியரில் மிகுந்த சுழற்சியையும் உயர்ந்த கியரில் குறைந்த சுழற்சியையும் கொண்டிருக்கும். ஆதலின் ‘ரெவ்’ என்பதை ‘வேகம்’ எனப் பெயர்க்கும் பாடநூல், இரு வெவ்வேறு அளவைகளை மாணவர்க்கு ஒன்றாகக் காட்டிவிடும். ‘முடுக்கம்’ என்பதும் பொருந்தாது. இயற்பியலில் அது திசைவேகம் மாறும் வீதத்திற்கு உரிய கலைச்சொல்.

தமிழ்ச் சொற்களின் எல்லை

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதைத் தமிழ் பல சொற்களாகப் பகுத்துள்ளது. புவி தன் அச்சில் இயங்குவதைச் ‘சுழலுதல்’ என்றும், ஞாயிற்றை வலம்வருவதைச் ‘சுற்றுதல்’ என்றும் நம் பாடநூல்கள் வேறுபடுத்துகின்றன. வானியலில் ‘ரெவலூஷன்’ என்பது இவற்றுள் பின்னதற்கு உரியது. அகராதியை மட்டும் நோக்கும் மொழிபெயர்ப்பாளர், எஞ்சினுக்கும் ‘சுற்றுதல்’ என்றே எழுத நேரலாம். ஆயின் தண்டு தன் அச்சிலேயே இயங்குவதால் ‘சுழற்சி’ என்பதே செம்மையான ஆட்சி.

அரசியற் பொருளுக்குப் ‘புரட்சி’ என்னும் சொல் உரியதாயிற்று. பாரதியார் ‘புதிய ருஷியா’ என்னும் பாடலில் இதனை ஆண்டுள்ளார். ‘புரள்’ என்னும் அடியிற் பிறந்த இச்சொல் கீழ்மேலாதலைக் குறிப்பது; மீளுதலைக் குறிப்பதன்று. 1789க்குப் பிற்பட்ட பொருளை இது நேராக உணர்த்துகிறது.

பேச்சுவழக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. இருசக்கர வண்டியோட்டுவோர் ‘ஆக்சிலேட்டரை முறுக்கு’ என்பர். மகிழுந்து ஓட்டுவோர் ‘மிதி’ என்பர். ஆங்கிலச் சொல் எஞ்சினுள் நிகழும் விளைவைச் சுட்ட, தமிழ் வழக்கு ஓட்டுநரின் கையும் காலும் செய்யும் தொழிலைச் சுட்டுகிறது. உரையாடலைப் பெயர்க்கும் புனைகதை மொழிபெயர்ப்பில் இவ்வழக்கே இயல்பாகும்.

‘ரெவ் அப்’ என்பது ஒரு செயலை விரைவுபடுத்துதல் என்னும் உருவகப் பொருளிலும் வரும். அங்கு ‘பணிகளை முடுக்கிவிடுதல்’ என்னும் தமிழ்த்தொடர் முற்றும் பொருந்துகிறது. தொழில்நுட்பத்தில் விலக்கப்பட வேண்டிய அதே ‘முடுக்கு’, உருவக வழக்கில் ஏற்புடையதாகிறது.

முடிவுரை

‘ரெவ்’ என்னும் குறுஞ்சொல்லுக்கு ஒரே நிகரனைத் தேடுதல் பயன் தராது. அளவையைக் குறிக்குமிடத்துச் ‘சுழற்சி’ அல்லது ‘நிமிடச் சுழற்சி’ என்றும், வினையாகுமிடத்துச் ‘சுழற்சியைக் கூட்டு’ என்றும், பேச்சில் ‘முறுக்கு’, ‘மிதி’ என்றும், உருவகத்தில் ‘முடுக்கிவிடு’ என்றும் இடத்திற்கேற்ப ஆளுதலே தகும். ஆங்கில–தமிழ் அகராதிகள் இப்பொருள் வேறுபாடுகளை எடுத்துக்காட்டுகளுடன் தனித்தனியே பதிவு செய்யுமாயின், தமிழ்வழித் தொழிற்கல்வி பயிலும் மாணவர் எஞ்சினின் சுழற்சியையும் வண்டியின் வேகத்தையும் மயங்காது அறிவர்.