கொசுவை விலக்கும் மெழுகுதிரி

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வாழும் நமக்கு அது வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. ஏரிகள் பல ஒடுங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சுருங்கிவிட்டபின், மழைநீர் மனைகளிலும் தெருக்களிலும் தேங்குகிறது. மாலையில் முற்றத்தில் அமர்ந்து செபமாலை சொல்லவும் கொசுக்கள் விடுவதில்லை.

வீட்டில் எரிந்து எஞ்சிய துண்டுத் திரிகளை எறியாமல், கொசுவை விலக்கும் மெழுகுதிரி செய்து பார்த்தோம். முறை எளிது. ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, அதனுள் வைத்த சிறு பாத்திரத்தில் 100 கிராம் மெழுகை உருக்க வேண்டும். மெழுகை நேரே தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியால் மூடுக. உருகியதும் அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு தேக்கரண்டி சிட்ரோனெல்லா எண்ணெய் கலக்கவும். பருத்தி நூல் திரியை ஒரு குச்சியில் கட்டி மண் கிண்ணத்தின் நடுவே தொங்கவிட்டு, மெழுகை வார்த்து, ஒரு நாள் ஆறவிட்டபின் ஏற்றலாம்.

சிட்ரோனெல்லா என்பது இலங்கையின் தென்பகுதியில் நெடுங்காலமாகப் பயிராகும் ஒருவகை வாசனைப்புல். நாம் விடும் மூச்சுக்காற்று, வியர்வை மணம், உடற்சூடு ஆகியவற்றைக் கொண்டே கொசு நம்மைத் தேடி வருகிறது. இப்புல்லெண்ணெயின் மணம் அந்தத் தேடலைக் குழப்புகிறது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இத்திரியின் ஆற்றல் சிறிது. காற்றில்லாத மாலையில், அருகில் அமர்ந்திருப்போருக்கு ஓரளவு பயன் தரும். காற்று வீசினால் அதுவும் இல்லை. மேலும், மாலையிலும் இரவிலும் நம்மை மொய்ப்பது பெரும்பாலும் சாக்கடைநீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. நம் வீட்டுத் தூய நீரிலேயே பிறப்பது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். நகரங்களில் அந்நோயைப் பரப்பும் கொசு, மூடாத கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகுகிறது.

முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், வாளி ஆகியவற்றின் நீரைக் கொட்டவேண்டும். ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே நன்கு தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. குழந்தைகளுக்குப் பகலுறக்கத்திலும் கொசுவலை வேண்டும்.

மெழுகுதிரி செய்யும் வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம். ஆனால் சூடான மெழுகைப் பெரியோரே வார்க்கட்டும். முதலில் வாசலில் கிடக்கும் கொட்டாங்கச்சியைக் கவிழ்ப்போம். பிறகு திரியை ஏற்றுவோம்.