ரேடியோவில் எல்லோருமே மாயாவிதான்!

கண்ணுக்குத் தெரியாத ஆளை வைத்து சினிமா எடுத்தால் தயாரிப்பாளர் தலையில் துண்டு. ஒலி நாடகம் போட்டால் செலவே கிடையாது சார்! ஹீரோவும் தெரிய மாட்டார், வில்லனும் தெரிய மாட்டார், பின்னால் நின்று "படிக்கிற பிள்ளைங்க பண்ற காரியமாலே இது?" என்று கத்துகிற தாத்தாவும் தெரிய மாட்டார்.

இந்த மகத்தான உண்மையை நானும் என் நண்பனும் 1998 ஜூலையில், இலத்தூரில், ஆறாம் வகுப்புப் படிக்கும்போது கண்டுபிடித்தோம். காப்புரிமை வாங்கத் தவறிவிட்டோம்.

தென்காசியிலிருந்து டவுன் பஸ்சில் கொஞ்ச நேரம். இன்று தென்காசி மாவட்டம் (2019-ல்தான் பிரித்தார்கள்). அன்று திருநெல்வேலி மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு இலத்தூர் என்றால் சனீஸ்வரன் கோயில், பெரிய குளம். எங்களுக்கு இலத்தூர் என்றால் சாரல். ஜூன், ஜூலையில் ஊரே குற்றாலத்துக்குக் குளிக்க வரும். உள்ளூர்ப் பையன்களுக்கோ சாரல் என்றால் வீட்டுச் சிறை. வெளியே கிரிக்கெட் இல்லை; உள்ளே கரண்ட் இல்லை. சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி மட்டும் உண்டு.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்தான் இரும்புக்கை மாயாவி.

மாயாவியைத் தெரியாதவர்களுக்கு (இருக்கிறீர்களா என்ன?) சிறு அறிமுகம். சொந்த ஊர் இங்கிலாந்து. 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே பிறந்தவர். நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டெல். எழுதியவர் கென் பல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் கை போய், இரும்புக் கை பொருத்திக்கொண்ட உதவியாளர். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய, இரும்புக் கையைத் தவிர மீதி உடம்பு மறைந்துவிடுகிறது. நம் ஊர் மின்சாரத்தை நம்பியிருந்தால் பாவம், பாதி உடம்பு மறைந்ததுமே கரண்ட் போயிருக்கும்!

முக்கியமான விஷயம், மனிதர் ஆரம்பத்தில் நல்லவரே இல்லை. முதல் கதையில் சுத்தமான குற்றவாளி. பிறகுதான் திருந்தி நிழற்படையின் உளவாளி ஆனார். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே மாயாவிதான். அப்புறம் அவர் தமிழர் ஆகிவிட்டார். ரேஷன் கார்டு மட்டும்தான் இல்லை.

சித்தப்பா சேர்த்து வைத்திருந்தது மொத்தம் ஒன்பது புத்தகம். மூன்றாவது தடவை படித்து முடித்ததும் நண்பன் சொன்னான்: "ஏலே, இனி நம்மளே மாயாவி கதை போடுவோம்." படம் வரைய இரண்டு பேருக்கும் வராது. அவன் வீட்டில் டூ-இன்-ஒன் இருந்தது. அவன் அப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்தது.

முறைப்படி அவன்தான் மாயாவி, டூ-இன்-ஒன் அவனுடையது அல்லவா? நான் வில்லன், போலீஸ் கமிஷனர், விஞ்ஞானி, விஞ்ஞானியின் மகள். இரும்புக் கையின் சத்தத்துக்கு தோசைச் சட்டியில் கரண்டி. மின்சாரம் பாய்வதற்கு ரேடியோ முள்ளை இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நிறுத்தினால் போதும். 'கர்ர்ர்' என்று நாலாயிரம் வோல்ட் கிடைக்கும். மழைச் சத்தம் மட்டும் இலவச சப்ளை.

இப்படி ஒரு கதையின் பாத்திரத்தைத் தனியே கழற்றிக்கொண்டு போய் ஒலி நாடகம் செய்வது வெளிநாட்டில் பெரிய வியாபாரம் என்பது பி.காம் முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 'டாக்டர் ஹூ' தொடரில் 2005-ல் கேப்டன் ஜாக் ஹார்க்னஸ் என்று ஒருவர் வந்தார். காலத்தில் முன்னும் பின்னும் போய் வரும் போக்கிரி. விண்வெளிக் குப்பையை உசத்தியான சரக்கு என்று தலையில் கட்டப் பார்ப்பதுதான் அவருடைய அறிமுகமே. (நம்ம ரியல் எஸ்டேட் ஆட்களுக்குத் தூரத்துச் சொந்தம்.) ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. அவருக்காகவே 2006-ல் 'டார்ச்வுட்' என்று தனித் தொடர். 2011-ல் டி.வி.யில் அது நின்றபோது கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2015-ல் பிக் ஃபினிஷ் என்ற கம்பெனி அவரை ஒலி நாடகத்தில் மறுபடி எழுப்பிவிட்டது. அதே நடிகர் ஜான் பாரோமேன், அதே குரல். 2017-ல் 'தி லைவ்ஸ் ஆஃப் கேப்டன் ஜாக்' என்று அவர் பெயரிலேயே தனி வரிசை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முகத்துக்கு வயதாகிற வேகத்தில் குரலுக்கு வயதாவதில்லை. டாம் பேக்கர் என்ற நடிகர் 1974-லிருந்து 1981 வரை டி.வி.யில் டாக்டராக வந்தவர். ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, ஒலி நாடகத்தில் அதே டாக்டராகவே திரும்பி வந்தார். கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் பழைய ஆள் அப்படியே நிற்கிறார். டை தேவையில்லை, விக் தேவையில்லை.

அமெரிக்காவிலும் 1981-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தைப் பதின்மூன்று பகுதி ரேடியோ நாடகமாகப் போட்டார்கள். கடத்தல்காரக் கதாநாயகன் ஹான் சோலோவாகப் பேசியவர் ஹாரிசன் ஃபோர்டு அல்ல, பெர்ரி கிங். உரிமையை ஜார்ஜ் லூகாஸ் தன் பழைய பல்கலைக்கழக வானொலிக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார். ஒரு டாலர்! கணக்கு எழுதுகிறவனாக இருந்தால் எந்தத் தலைப்பில் எழுதியிருப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

நமக்கும் இது புதிதல்ல. இலங்கை வானொலியில் மரிக்கார் ராமதாஸ் குழு 'கோமாளிகளின் கும்மாளம்' நடத்தி, அந்தக் கோமாளிகளே 1976-ல் சினிமாவுக்கும் போனார்கள். அறிவியல் போக்கிரிதான் நம் ரேடியோவில் சரியாக அமையவில்லை. சுஜாதாவின் ஜீனோ, அந்த இயந்திர நாய், ஒரு ரவுண்டு வந்திருக்க வேண்டியது. வாய்த் துடுக்கு, புத்தகப் பைத்தியம், நன்றியும் உண்டு. நாவலில் தொடங்கி 'மீண்டும் ஜீனோ' என்று அடுத்த நாவலுக்குப் போனது, தூர்தர்ஷனுக்கும் போனது. ஜீனோவுக்கு மட்டும் யாராவது ஒழுங்காக ஒரு ஒலித் தொடர் போட்டால் என் சம்பளத்தில் பாதியை... சரி, கால்வாசியைத் தருவேன்.

இனி இலத்தூருக்கு வருவோம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ரிக்கார்டிங் முடிந்து, அரை மணி நேர நாடகத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டு, எங்களுக்கு நாங்களே கைதட்டி முடித்தபோது மணி ஐந்தரை. அத்தை (நண்பனின் அம்மா) விளக்கேற்றிவிட்டு வந்து, "அந்த கேசட்டைப் போடுலே, அப்பா பேசுனதைக் கேப்போம்" என்றார்.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் தோசைக் கரண்டியைப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் கல்ஃப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். வீட்டில் நாலு நாள் கேட்பார்கள். பிறகு அதே கேசட்டில், அதன் மேலேயே, இவர்கள் பதில் பேசி அடுத்து போகிறவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். ஒரே கேசட் கடல் தாண்டிப் போய்ப் போய் வரும். கேசட் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிட்டால் அழிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் திரும்ப அனுப்ப வேண்டிய கேசட்டை யார் உடைப்பார்கள்?

லேபிள் ஒட்டாத அந்த கேசட்டில்தான் மாயாவி நியூயார்க் நகரத்தைக் காப்பாற்றியிருந்தார்.

அத்தை அடிக்கவில்லை. அடித்திருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது. கொஞ்ச நேரம் டூ-இன்-ஒன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போட்டும். நான் பேசி அனுப்புனாலும் அழியத்தானே போவுது" என்று உள்ளே போய்விட்டார். மறுநாள் தென்காசிக்குப் போய்ப் புது கேசட் வாங்கி, பதில் பேசி அனுப்பினார். எங்கள் நாடகக் கேசட் 'உருப்படாதது' என்ற தலைப்பில் பரணுக்குப் போனது.

கொஞ்ச நாளில் வீட்டுக்கு போன் வந்தது. கேசட் போக்குவரத்து நின்றது. 2003-ல் மாமா அங்கேயே, வேலை பார்த்த இடத்தில், மாரடைப்பில் போய்விட்டார். பத்தொன்பது நாள் கழித்துத்தான் உடல் வந்தது.

மாமாவின் போட்டோ வீட்டில் பன்னிரண்டு இருக்கிறது. குரல்? போய் வந்த கேசட்டுகளில் ஒருவர் மேல் ஒருவராகப் பேசிப் பேசி அழித்தாயிற்று. கடைசி கேசட் அவருடைய அறையில் இருந்திருக்கும். சாமானோடு திரும்பி வரவில்லை.

போன வருஷம் வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து எங்கள் மாயாவி இறங்கினார். நண்பன் அதை ஒரு கடையில் கொடுத்து செல்போனுக்கு மாற்றி எனக்கு அனுப்பினான். கூடவே ஒரு வரி: "பதினாலாவது நிமிஷம் கேளு."

பதினாலாவது நிமிஷத்தில் எனக்கு (விஞ்ஞானியின் மகள்) வசனம் மறந்துபோய், நிறுத்தி, மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். ஆரம்பிக்கும்போது டேப் கொஞ்சம் முன்னே நகர்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் ஆறு விநாடி அழியாமல் தங்கிவிட்டது. "...மாடில தண்ணித் தொட்டி இப்பம் கட்டாண்டாம், நான் வந்து பாத்துக்கிடுதேன்..." உடனே நான், "ஐயோ, இரும்புக் கை!" என்று அலறுகிறேன்.

நாங்கள் அழித்ததால்தான் அந்த கேசட் ஊரைவிட்டுப் போகவில்லை. பற்றா, வரவா? மூன்று வருஷம் அக்கவுண்டன்சி படித்தும் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அத்தைக்குப் போட்டுக் காட்டினோம். கேட்டுவிட்டு, தலையை ஆட்டினார். "அவுக குரல் இப்பிடியா கீச்சுனு இருக்கும்? கட்டையால்ல இருக்கும்."

கடைக்காரரின் பழைய டெக் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கிறது. நண்பன் போனில் வேகத்தைக் குறைத்தான். அத்தை இல்லை என்றார். இன்னும் கொஞ்சம். "அவ்வளவு இல்ல, கூட்டு." இன்னும் கொஞ்சம் கூட்டினான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ம், இதான். இப்படியே வையி."

அந்த வேகத்தில் மாமா சரியாகிவிட்டார். கூடவே பின்னால் வந்த ஆறாம் வகுப்பு மாயாவிக்கும் கொஞ்சம் கட்டைக் குரல் வந்திருந்தது. அத்தை நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நியூயார்க் காப்பாற்றப்படும்வரை முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுல அந்தப் பொம்பளப் பிள்ளையா கத்துறது யாருலே?" என்று கேட்டார்.